வைட்சன்பாக்: அந்த வாழைப்பழ வாசனை எந்தப் பழம்?

14 அக்டோபர் 2023

வந்த கேள்வியை அப்படியே போடுகிறேன்:

"ஜெர்மனி போய்வந்த மச்சான் அரை லிட்டர் பாட்டில் ஒன்று கொண்டுவந்தான். ஊதா லேபிள், ஷ்னைடர் அவென்டினுஸ், 8.2 சதவீதம். ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்துக் குடித்தோம். கசப்பே இல்லை. வாழைப்பழ எசென்ஸ் ஊற்றின மாதிரி இருந்தது. அடியில் சேறு மாதிரி கலங்கல். கெட்டுப்போன சரக்கா? இதையா தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்?"

கெட்டுப்போகவில்லை, எசென்ஸும் ஊற்றவில்லை. ஆனால் உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. மிட்டாயில் போடும் வாழைப்பழ எசென்ஸின் உயிர்நாடி ஐசோஅமைல் அசிடேட் என்ற ஒரு பொருள். இந்தப் பீரில் இருப்பதும் அதேதான். அதைச் செய்தது ஈஸ்ட். ஜெர்மனியின் தெற்கே பவேரியாவில் கோதுமை பீருக்கென்றே வைத்திருக்கும் ஈஸ்ட், சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும்போது போகிற போக்கில் வாழைப்பழ வாசனையையும் கிராம்பு வாசனையையும் செய்துவிட்டுப் போகிறது. அடியில் இருந்த சேறும் அந்த ஈஸ்ட்தான். கசப்பு இல்லை என்றால், கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவைக் குறைவாகப் போடும் வகை என்று அர்த்தம்.

இந்த வகைக்குப் பெயர் வைட்சன்பாக். வைட்சன் என்றால் கோதுமை, பாக் என்றால் கனமான பீர். ஜெர்மனியில் வைட்சன் என்று பெயர் வைக்க மால்ட்டில், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தில், பாதியாவது கோதுமையாக இருக்க வேண்டும். பாக் என்று சொல்ல, நொதிக்க விடுவதற்கு முன் மால்ட்டிலிருந்து இறக்கிய சாறு குறைந்தது 16 சதவீதக் கெட்டியாவது இருக்க வேண்டும். அவென்டினுஸ் 18.5. கிட்டத்தட்டப் பாகு.

நீங்கள் செய்த தப்பு ஒன்றுதான். "நன்றாகக் குளிரவைத்து."

14 அக்டோபர், இரவு

எத்தனை டிகிரி என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பத்து.

16 அக்டோபர்

பத்து என்று ஒற்றை வார்த்தையில் சொல்லிவிட்டேன், மனசு கேட்கவில்லை. நேற்று மகளின் பால்புட்டிக்கு வாங்கிய பழைய தெர்மாமீட்டரைத் தேடி எடுத்து, ஒரு பாட்டிலைத் திறந்து உட்கார்ந்தேன். இதைப் பார்த்த மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பார்வையே போதும்.

5 டிகிரியில் மூக்குக்கு வாழைப்பழம் தவிர எதுவும் வரவில்லை. வாயில் இனிப்பும் குத்தும் வாயுவும் மட்டும். இந்த நிலையில் குடித்தவர் "எசென்ஸ்" என்று சொன்னது நியாயம். வாழைப்பழம் ஒன்றுதான் அந்தக் குளிரிலும் தலையை நீட்டுகிறது.

9 டிகிரியில் கிராம்பு வந்தது. அதற்குப் பின்னால் ரொட்டியின் கருகிய விளிம்பு.

12-13இல் கதவு திறந்தது போல. பேரீச்சை, உலர் திராட்சை, கோகோ, கூடவே நான் கருப்பட்டி என்று சொல்லும் ஒன்று. ஜெர்மன்காரர்கள் இங்கே "உலர்ந்த பிளம்" என்று எழுதுவார்கள். எனக்குச் சின்ன வயதில் உலர்ந்த பிளம் என்றால் என்னவென்றே தெரியாது, கருப்பட்டி தெரியும். மூக்கு அங்கேதான் போகிறது.

17இல் ஆல்கஹால் தனியாக எழுந்து நின்றது. இருமல் மருந்து. அந்தக் கடைசி இரண்டு மடக்கைக் கடமைக்காகக் குடித்தேன்.

ஆக, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி வெளியே வையுங்கள். அப்புறம் ஊற்றி, ஒரு மணி நேரம் எடுத்துக் குடியுங்கள். வழியில் நடப்பதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

17 அக்டோபர்

"வாழைப்பழம் சரி, எந்த வாழைப்பழம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இத்தனை வருடம் ரேகன்ஸ்பூர்கில் இருந்து இதைக் குடிக்கிறேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. ஜெர்மன்காரனுக்குப் பழம் என்றால் ஒரே பழம், சூப்பர் மார்க்கெட்டில் தொங்கும் அந்த மஞ்சள் கேவண்டிஷ். நமக்கு அப்படியா?

ரஸ்தாளி என்று சொல்கிறேன். சண்டைக்கு வரலாம்.

18 அக்டோபர்

வந்துவிட்டார்கள். திருச்சிக்காரர் ஒருவர் "ரஸ்தாளியில் அந்தக் காரம் ஏது? நன்றாகக் கனிந்த பூவன் அண்ணே" என்கிறார். திண்டுக்கல்காரர் சிறுமலைப் பழம் என்கிறார், அவர் வேறு என்ன சொல்வார். நாகர்கோவிலிலிருந்து ஒருவர் நேந்திரனை நெய்யில் வதக்கினால் வரும் வாசனை என்று எழுதியிருக்கிறார். இவர்களில் அவென்டினுஸ் குடித்தவர் எத்தனை பேர் என்று கேட்டேன். இரண்டு.

22 அக்டோபர்

மழை விட்டதால் கெல்ஹைமுக்குப் போய்வந்தோம். இங்கிருந்து ரயிலும் பஸ்ஸுமாக ஒரு மணி நேரத்துக்குள். டான்யூப் ஆறும் ஆல்ட்முல் ஆறும் கலக்கும் ஊர். மலை மேல் முதலாம் லுட்விக் மன்னர் கட்டிய வட்டக் கோபுர மண்டபம், கீழே ஷ்னைடர் ஆலை.

வரலாறு கொஞ்சம். 1516இல் பவேரியாவில் வந்த தூய்மைச் சட்டம் பீருக்கு வாற்கோதுமை, ஹாப்ஸ், தண்ணீர் மட்டும் என்றது. கோதுமை ரொட்டிக்கு வேண்டும். அதனால் கோதுமை பீர் காய்ச்சுவது முந்நூறு வருடம் நின்றுபோனது. 1872இல் கேயோர்க் ஷ்னைடர் என்பவர் இரண்டாம் லுட்விக் மன்னரிடமிருந்து உரிமை வாங்கி மியூனிக்கில் திரும்ப ஆரம்பித்தார். 1907இல், கணவர் இறந்தபின் ஆலையை நடத்திய மத்தில்டே ஷ்னைடர் இந்த அவென்டினுஸைக் கொண்டுவந்தார். கோதுமையில் இரட்டைப் பாக், அதாவது பாக்கைவிடக் கனமான பீர், செய்தது பவேரியாவில் அதுதான் முதல் என்பார்கள்.

23 அக்டோபர்

மேலே எழுதியதில் ஒரு பெரிய பிழை. நின்றுபோனது என்று எழுதியது தப்பு. எங்கள் மேல்வீட்டுப் பெரியவரிடம் சொன்னபோது சிரித்துவிட்டார். "சட்டம் போட்டவனே காய்ச்சினான்" என்றார்.

விஷயம் இதுதான். சட்டம் இருந்தாலும் டேகன்பெர்க் என்ற பிரபுக் குடும்பத்துக்குக் கோதுமை பீர் காய்ச்சத் தனி உரிமை இருந்தது. 1602இல் அந்தக் குடும்பம் வாரிசு இல்லாமல் போக, உரிமை கோமகன் மாக்சிமிலியனிடம் திரும்பியது. அவர் அதை யாருக்கும் கொடுக்கவில்லை, தானே வைத்துக்கொண்டார். நாடெங்கும் கோதுமை பீர் ஆலைகள் கட்டிக் கஜானாவை நிரப்பினார். மற்றவன் செய்தால் குற்றம், நான் செய்தால் வருமானம். நமக்குப் புரியாத கதையா?

கெல்ஹைம் ஆலையே அப்படிக் கட்டியதுதான், 1607இல். நான் நேற்று அதன் வாசலில் நின்றுகொண்டு கோதுமை பீர் முந்நூறு வருடம் இல்லை என்று எழுதியிருக்கிறேன். 1872 வாக்கில் அந்தப் பீர் மவுசு இழந்து கிடந்தது என்பது உண்மை. இல்லாமல் போகவில்லை. ஷ்னைடர் குடும்பம் 1927இல் கெல்ஹைமுக்கு வந்தது. 1944இல் மியூனிக் ஆலை குண்டுவீச்சில் அழிந்தபின் மொத்தக் காய்ச்சலும் இங்கேதான்.

அவென்டினுஸ் என்ற பெயர் யோஹான் டூர்மைர் என்ற வரலாற்றாசிரியருடையது. கெல்ஹைமுக்குப் பக்கத்து அபன்ஸ்பெர்க்கில் 1477இல் பிறந்தவர். ஊர்ப் பெயரை லத்தீனாக்கித் தன் பெயராக வைத்துக்கொண்டார். 1534இல் எங்கள் ரேகன்ஸ்பூர்கில் இறந்தார். பவேரியாவின் வரலாற்றை எழுதியவர் இப்போது பீர் லேபிளில் உட்கார்ந்திருக்கிறார்.

29 அக்டோபர்

ஊற்றுவது எப்படி? பவேரியாவில் இதற்கென்று இருக்கும் உயரமான, இடுப்பு ஒடுங்கிய கண்ணாடி. முதலில் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள், துடைக்காதீர்கள். துடைத்த கண்ணாடியில் ஊற்றினால் நுரை பொங்கி மேசை முழுக்க ஓடும். கண்ணாடியைச் சாய்த்து, பாட்டில் வாயை ஏறக்குறைய உள்ளே விட்டு, மெதுவாக. கடைசி இரண்டு விரல் அளவு பாட்டிலில் இருக்கும்போது நிறுத்தி, பாட்டிலை வட்டமாக ஆட்டுங்கள். அடியில் ஒட்டிய ஈஸ்ட் கரைந்து பழுப்பு மோர் மாதிரி ஆகும். அதையும் மேலே விடுங்கள். ஈஸ்ட் இல்லாமல் இதைக் குடிப்பது வீண்.

நிறம்: மேசையில் வைத்தால் கட்டங்காப்பி. ஜன்னலுக்கு நேரே பிடித்தால் ஓரத்தில் மாதுளைச் சிவப்பு.

"ப்ரோஸ்ட்" (ஜெர்மன் சியர்ஸ்) சொல்லும்போது கண்ணாடியின் வாயை மோதாதீர்கள், அடிப்பாகத்தை மோதுங்கள். வாய் மெல்லியது, அடி கனம். முதல் வருடம் நான் வாயை மோதினேன். எதிரில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

30 அக்டோபர்

கண்ணாடியில் அரிசி போடுவார்களாமே என்று ஒருவர் கேட்கிறார். பொய் இல்லை. வடிகட்டிய தெளிந்த கோதுமை பீரில் ஓர் அரிசி போட்டால் அது குமிழிகளோடு மேலும் கீழும் போகும். வாயு அரிசியின் மேல்பரப்பில் கூடி விடுபடுவதால் நுரையும் கொஞ்சம் நிற்கும். பழைய தலைமுறை வேடிக்கை. வீட்டில் இருந்த பொன்னியைப் போட்டுப் பார்த்தேன், வேலை செய்கிறது. அவென்டினுஸில் போட்டால் எதுவும் தெரியாது. இருட்டில் நடனம்.

5 நவம்பர்

தொட்டுக்க என்ன? காலையில் வெள்ளைத் தொத்திறைச்சியோடு பவேரியர் குடிப்பது சாதாரணக் கோதுமை பீர், ஐந்து சொச்சம் சதவீதம். மணி பன்னிரண்டு அடிப்பதற்குள் தொத்திறைச்சி முடிய வேண்டும் என்பது ஊர் வழக்கு. அந்த நேரத்தில் வைட்சன்பாக் எடுத்தால் மதியம் கிடையாது.

என் அனுபவம் ஒன்று. போன வருடம் நண்பர்களை அழைத்து, ஊர் மிளகாய் கிள்ளிப்போட்ட கோழிச் சுக்காவோடு அவென்டினுஸ் வைத்தேன். இனிப்பு காரத்தை அடக்கும் என்று என் கணக்கு. நடந்தது நேர் எதிர். வாயு குத்துகிறது, ஆல்கஹால் எரிகிறது, மிளகாய் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒரு ஜெர்மன் நண்பர் குழாயடிக்குப் போய்விட்டார். காரத்துக்கு இது ஆகாது. வாத்து வறுவல், நீலப் பூஞ்சை ஓடிய பாலாடைக்கட்டி, பிளம் பழ கேக், கறுப்புச் சாக்லேட், இவைதான் இதன் சொந்தக்காரர்கள்.

13 நவம்பர்

நேற்று தீபாவளி. அதிரசத்தோடு குடித்துப் பார்த்தேன். இது பற்றி அதிகம் எழுத மாட்டேன். மிச்சம் மூன்று அதிரசம்தான் இருக்கிறது, யாரும் கேட்டுவிடக் கூடாது.

19 நவம்பர்

வேறு ஆலைகளும் கேட்டிருந்தார்கள். எர்டிங்கர் பிகான்டுஸ், 7.3, கறுப்பு. நாகரிகமான பீர், அவ்வளவுதான். வைஹன்ஸ்டெபானின் வீடுஸ் 7.7, ஆனால் பொன்னிறம். கறுப்பு மால்ட்டின் மறைவு இல்லாததால் ஈஸ்ட் என்ன செய்கிறது என்பது நேராகத் தெரியும். வாழைப்பழம் கற்றுக்கொள்ள நினைப்பவர் முதலில் வீடுஸ் குடியுங்கள். எனக்குப் பிடித்தது எது என்று கேட்காதீர்கள், இங்கே எந்தப் பெயர் அதிகம் வருகிறது என்று பாருங்கள்.

26 நவம்பர்

கிராம்பைப் பற்றி ஒரு திருத்தம். பீரில் இருப்பது கிராம்பின் வாசனை என்று எழுதிக்கொண்டே வருகிறேன். வேதியியல் படித்த வாசகி ஒருவர் நாசூக்காகப் பிடித்தார். கிராம்பில் முக்கியமாக இருப்பது யூஜினால். பீரில் இருப்பது 4-வினைல் குவையகால். ஒன்றுவிட்ட சகோதரர்கள். அதனால்தான் அது பிரியாணிக் கிராம்பு மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. அடுப்புப் புகை லேசாகப் பட்ட கிராம்பு என்று சொல்லலாம்.

தானியத்தில் இருக்கும் ஃபெருலிக் அமிலத்தை ஈஸ்ட் இதுவாக மாற்றுகிறது. மால்ட்டை ஊறவைக்கும்போது 45 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே சற்று நேரம் நிறுத்தினால் அந்த அமிலம் அதிகம் இறங்கும், கிராம்பு கூடும். காய்ச்சுபவர் கையில் இருக்கும் திருகு அது. வாழைப்பழம் வேண்டுமானால் நொதிக்கும் சூட்டைக் கூட்டலாம். இரண்டும் ஒன்றை ஒன்று அமுக்காமல் நிறுத்துவதில்தான் கைராசி.

10 டிசம்பர்

ஐஸ்பாக். அவென்டினுஸை உறையவைத்து, பனிக்கட்டியாகும் தண்ணீரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது. 12 சதவீதம். பழைய காலத்தில் வண்டியில் போன பீர் வழியில் பாதி உறைந்துபோக, தற்செயலாகக் கண்டது என்று ஆலை கதை சொல்கிறது. குல்ம்பாக் ஊர்க்காரர்களுக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு, அங்கே முற்றத்தில் மறந்துவிட்ட பீப்பாய். எல்லா நல்ல பண்டமும் யாரோ ஒருவரின் சோம்பேறித்தனத்தால் பிறந்தது என்று சொல்லிக்கொள்வதில் மனிதருக்கு ஒரு ஆசை.

"சின்ன பாட்டில்தானே" என்று ஏமாறாதீர்கள். 330 மில்லியில் 12 சதவீதம் என்றால் ஏறக்குறைய 40 மில்லி சுத்த ஆல்கஹால். அரை லிட்டர் அவென்டினுஸில் 41. பாட்டில் சின்னது, கணக்கு அதேதான். சாதாரண அரை லிட்டர் பீரில் 25. இங்கே ஒன்று குடித்தால் காரைத் தொடுவதில்லை, நான் கெல்ஹைமுக்கு பஸ்ஸில் போவது சுற்றுச்சூழல் அக்கறையால் இல்லை.

சுவை? அல்வா. முதல் இரண்டு மடக்கு பிரமாதம். நாலாவதில் திகட்டல். இதை நாலு பேர் சின்னக் கோப்பையில் பகிர்ந்தால் சரி.

30 டிசம்பர்

முதுமை பற்றி. கீழே நிலவறையில் 2018இலும் 2021இலும் வாங்கிய பாட்டில்கள் வைத்திருந்தேன். மேல்வீட்டுப் பெரியவரோடு உட்கார்ந்து இரண்டையும் புதிதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தோம்.

புதிது: உங்களுக்குத் தெரிந்ததுதான்.

2021: வாழைப்பழம் பாதி போய்விட்டது. அந்த இடத்தில் அத்திப்பழம். கிராம்பு மெலிந்து வெனிலா பக்கம் சாய்ந்திருக்கிறது. நுரை குறைவு, உடம்பு வழவழப்பு. பெரியவர் இதைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை.

2018: மூன்று பாட்டில் இருந்தன. முதலாவது மூடியைத் திறந்ததும் சோயா சாஸ். வாயில் வைத்தால் பழைய குழம்பு. குற்றம் என்னுடையது. அதை மட்டும் வெந்நீர்க் கொதிகலன் இருக்கும் சுவரோரமாகப் படுக்கவைத்திருந்தேன். சூட்டில் ஈஸ்ட் செத்துக் கரைந்தால் வரும் வாசனை அது. வடிகாலில் ஊற்றினேன். பெரியவர் தொப்பியைக் கழற்றினார்.

இரண்டாவது, குளிர்ந்த மூலையில் நிமிர்த்தி வைத்தது. ஷெர்ரி ஒயின், உலர் திராட்சை, ஈரமான மரப்பெட்டி. அழகுதான். ஆனால் இது கோதுமை பீரா என்று கேட்டால் பதில் இல்லை.

மூன்றாவதைத் திறக்கவில்லை. அதோடு 2021இல் ஒன்றுமாக இரண்டு பாட்டில் கீழே இருக்கிறது. 2026க்கு முன் தொட மாட்டேன்.

31 டிசம்பர்

ஈஸ்ட் இல்லாமல் குடிப்பது வீண் என்று அக்டோபர் 29இல் அடித்துச் சொன்னேன். வாபஸ். நேற்று 2021 பாட்டிலில் முதல் கண்ணாடி தெளிவாக ஊற்றினேன், இரண்டாவதில் அடியையும் சேர்த்தேன். தெளிந்ததில் அத்திப்பழம் தனியாகக் கேட்டது. கலங்கியதில் ரொட்டி மாவு வாசனை எல்லாவற்றையும் மூடிவிட்டது. புது பாட்டிலுக்கு ஈஸ்ட் வேண்டும். பழைய பாட்டிலை அடி கலங்காமல் விட்டுவிடுவது நல்லது. பெரியவர் இதை முதலிலேயே சொன்னார், நான் கேட்கவில்லை.

14 ஜனவரி 2024

"மூன்று மாதமாக எழுதுகிறீர்கள், பழத்துக்கு முடிவு சொல்லவில்லையே" என்று திருச்சிக்காரர். நியாயம்.

4 பிப்ரவரி

நியூரம்பர்கில் ஒரு ஈழத்தமிழர் கடை. கடைக்கார அண்ணன் சின்னச் சீப்பு ஒன்றை எடுத்து வைத்து "இது கதலி, தம்பி" என்றார். எனக்கு எங்கள் ஊர்ப் பூவன் மாதிரியே தெரிந்தது. பக்கத்தில் நேந்திரனும் இருந்தது, இரண்டு வாங்கினேன். வீட்டில் சூப்பர் மார்க்கெட் பழம் இருக்கிறது. ரஸ்தாளி கிடைக்கவில்லை, ஆகவே என் கட்சிக்கு வேட்பாளரே இல்லை.

கதலியை வெந்நீர்க் குழாய் ஓடும் ஜன்னலோரம் வைத்திருக்கிறேன், தோல் கறுக்கட்டும்.

8 பிப்ரவரி

சோதனை. புது பாட்டில், 12 டிகிரி. கண்ணைக் கட்டிக்கொண்டேன், மனைவி ஒவ்வொன்றாக மூக்கின் கீழ் நீட்டினாள்.

சூப்பர் மார்க்கெட் பழம்: பச்சை வாசனை, தோல். பீருக்கும் இதற்கும் தூரத்து உறவு.

கதலி, நாலு நாள் கறுத்தது: கை நடுங்கியது என்று சொன்னால் மிகை. ஆனால் எது பழம், எது கண்ணாடி என்று ஒருமுறை மாற்றிச் சொன்னேன். அந்த லேசான புளிப்பு, அடியில் கள் வாசனை மாதிரி ஒன்று. புதிதுக்குத் திருச்சிக்காரர் சொன்னதே சரி.

நேந்திரன்: நெய்யில் வதக்கித்தான் நீட்டினாள். புதியதோடு ஒட்டவில்லை. ஆனால் அந்த வாசனையை எங்கேயோ குடித்திருக்கிறேன் என்று தோன்றியது. 2021 பாட்டில். அதில் அத்திப்பழம் என்று எழுதினேனே, அது இதுதானோ? உறுதி செய்யப் பழைய பாட்டில் வேண்டும்.

8 பிப்ரவரி, இரவு

இதுதான். நாகர்கோவில்காரருக்குப் பாதி வெற்றி. மீதிப் பாதியை மகள் சோதனை முடிவதற்குள் தின்றுவிட்டாள், வதக்கிய நேந்திரனில் ஒரு துண்டும் மிச்சமில்லை.

கீழே ஒரு பாட்டில் இருக்கிறது.